குலாப் போய் ஷாஹீன் வந்த கதை



‘புயல் கரையைக் கடந்தது, படிப்படியாக வலுவிழக்கும்’ என்று செய்தியில் சொன்னதும் ஊரே பெருமூச்சு விடும். முறிந்த மரத்தை வெட்டி எடுக்கவும் கரண்ட் எப்போது வரும் என்று விசாரிக்கவும் ஆரம்பித்துவிடுவோம். வானிலை அலுவலகத்தில் வேலை அங்கே முடிவதில்லை. இரவுப் பணிக்கு வருகிறவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது, “இது அந்தப் பக்கம் இறங்குதான்னு ஒரு கண்ணு வைப்பா” என்று சொல்லிவிட்டுத்தான் நாங்கள் கிளம்புவோம். அந்தப் பக்கம் என்றால் அரபிக்கடல். வங்கக்கடலில் பிறந்து, தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, மேற்கே தண்ணீரைக் கண்டதும் மறுபடி எழுந்துகொள்கிற புயல்கள் உண்டு.

2021-ஆம் ஆண்டு செப்டம்பர் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். குலாப் என்ற புயல் 26-ஆம் தேதி இரவு, ஆந்திராவில் கலிங்கப்பட்டினத்துக்குச் சற்று வடக்கே கரையேறியது. பெரிய புயல் ஒன்றும் இல்லை. காற்று மணிக்கு 75 முதல் 85 கிலோமீட்டர். மறுநாள் விடிவதற்குள் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், பிறகு தாழ்வு மண்டலம், 28-ஆம் தேதி மகாராஷ்டிராவில் மராத்வாடா பக்கம் போகும்போது தாழ்வுப் பகுதி என்று இறங்கிக்கொண்டே போனது. மராத்வாடாவில் மழை கொட்டித் தீர்த்தது. அப்புறம் தெற்கு குஜராத், காம்பே வளைகுடா. 30-ஆம் தேதி கட்ச் ஓரத்துக் கடலில் மறுபடி தாழ்வு மண்டலம். அக்டோபர் 1-ஆம் தேதி அது புயல். பெயர் ஷாஹீன். அன்றைக்கே தீவிர புயலும் ஆகிவிட்டது. 3-ஆம் தேதி ஓமானின் பாத்தினா கரையில் போய் மோதியது. அல் காபூரா என்ற ஊரில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஆண்டு முழுவதும் சேர்த்தாலே 100 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை பெய்கிற கரை அது. உயிர்களும் போயின. நம் ஊர்க்காரர்கள் ஏராளமாக வேலை பார்க்கிற நாடு என்பதால், அந்த இரவு இங்கேயும் பல வீடுகளில் தூக்கம் இல்லை.

நடுவில் நாலு நாள் தரையில் நடந்த புயல் எப்படி உயிரோடு கடல் சேர்ந்தது? மண் ஒரு காரணம். அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை விலகத் தொடங்கியதே அக்டோபர் 6-ஆம் தேதிதான். புயல் போன வழியெல்லாம் ஈர மண், நிரம்பிய ஏரி. மேலிருந்து மழை, கீழிருந்து ஈரம், அரபிக்கடல் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்த பருவக்காற்று. பட்டினி கிடக்கவில்லை அது.

இப்போது, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஒரு புயலின் மிச்சம் மறுபடி எழுமா என்று பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? டிவியில் காட்டுகிற செயற்கைக்கோள் படத்தில் வெள்ளை வெளேரென்று மேகம் இருந்தால் பயப்படுகிறோம், மேகம் கலைந்துவிட்டால் போய்விட்டது என்கிறோம். மேகம் இரவில் திரளும், பகலில் கலையும்; அதை நம்பி ஏமாறக்கூடாது. பார்க்க வேண்டியது சுழற்சி. தரைக்கு மேலே ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் காற்று இன்னும் வட்டமடிக்கிறதா? அது அறுபடாமல் இருந்தால், மேலே ஒரு துண்டு மேகம் இல்லாவிட்டாலும் கோப்பை மூடி வைக்க மாட்டோம்.

காலை வெளிச்சம் வந்ததும் இன்சாட் செயற்கைக்கோள் அனுப்புகிற முதல் படத்துக்காகக் காத்திருப்பது தனி அனுபவம். ராத்திரி முழுக்க அகச்சிவப்புப் படத்தில் உயரத்து மேகம்தான் பளிச்சென்று தெரியும். தாழ்வான மேகமும் கடலும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். சூரியன் ஏறியதும் அந்தத் தாழ்மேகம் மெல்லிய கோடு கோடாகத் தெரியத் தொடங்கும். ராத்திரி மையம் என்று குறித்து வைத்திருந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. மையம் பல மைல் தள்ளி வெறும் கடல் மேலே, மேகமில்லாமல் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அறையில் இருக்கிற எல்லோரும் ஒரே திரையின் முன்னால் வந்து நின்றுவிடுவோம். டீ ஆறிப்போகும்.

அடுத்தது கடல்மேல் வீசும் காற்று. கடலின் மேல்பரப்பில் காற்று எழுப்புகிற சிற்றலைகளின் மேல் ரேடார் அலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துக் காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கிடுகிற கருவிகள் சில செயற்கைக்கோள்களில் இருக்கின்றன. ஐரோப்பியர்களின் மெட்டாப் செயற்கைக்கோளில் இருப்பது அப்படிப்பட்ட ஒன்று. போகிற பாதையின் இரண்டு பக்கமும் சுமார் 500 கிலோமீட்டர் அகலத்துக்குப் பார்க்கும்; நேர் கீழே, நடுவில், ஓர் இடைவெளியை விட்டுவிடும். நாம் தேடுகிற சுழல் எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சரியாக அந்த இடைவெளியில்! இந்த வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சில நேரம் பற்களைக் கடிப்பார்கள்.

அந்தப் படத்தில் காற்றைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் பாதி உலகில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். மையத்துக்குத் தெற்கே மேற்குக் காற்று, வடக்கே கிழக்குக் காற்று இருந்தாக வேண்டும். கார்த்திகை மாத வங்கக்கடலில் வடகிழக்குக் காற்று எப்போதும் வீசும். ஆகவே தெற்கே மேற்குக் காற்று கிடைக்கிறதா என்று தேடுவோம். செப்டம்பர் மாத அரபிக்கடலில் கதை தலைகீழ். பருவக்காற்றின் புண்ணியத்தில் மேற்குக் காற்று தாராளம். வடக்கே, கட்ச் கரையோரம், கிழக்குக் காற்று கிடைத்தால்தான் வட்டம் மூடியது என்று அர்த்தம். துவாரகா, நளியா போன்ற கரையோர நிலையங்களிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வருகிற தகவலை அதற்காகத்தான் அப்படி எதிர்பார்ப்போம்.

காற்றழுத்தத்தைப் பற்றியும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவர் ஒருநாள் சாயங்காலம் ஓடி வந்தார். “சார், காலையில இருந்ததைவிட மூணு ஹெக்டோபாஸ்கல் விழுந்திருக்கு!” என்று சொல்லும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. மணி என்ன என்று கேட்டேன். நாலு. நேயர்களே, நம் பகுதியில் காற்றழுத்தம் புயல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் காலை பத்து மணி வாக்கில் ஏறி, சாயங்காலம் நாலு மணி வாக்கில் இறங்கும். கடலுக்கு ஓதம் இருப்பது மாதிரி வளிமண்டலத்துக்கும் உண்டு. ஆகவே இன்று நாலு மணி அளவை நேற்று நாலு மணி அளவோடுதான் ஒப்பிட வேண்டும். அன்றைக்கு ஒப்பிட்டுப் பார்த்தோம், வித்தியாசம் ஒன்றுமே இல்லை. அந்தப் பையன் இன்று நல்ல முன்கணிப்பாளர்.

சுழற்சி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இனி அது எழுமா? கடல் 26 அல்லது 27 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். நடு உயரத்தில் ஈரம் வேண்டும். பாலைவனத்து வறண்ட காற்று உள்ளே நுழைந்தால் மழைமேகம் செத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல், கீழ்க்காற்றுக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் குறைவாக இருக்க வேண்டும். தலையில் அடுக்கிய குடங்களில் மேல்குடத்தை மட்டும் ஒருவர் பிடித்துத் தள்ளினால் என்ன ஆகும், அதுதான் நடக்கும்: மேகக்கூட்டம் ஒரு பக்கம், சுழல் ஒரு பக்கம். கணினி மாதிரிகள் இதையெல்லாம் கணக்கிட்டுத் தந்துவிடுகின்றன. ஆனால் சுழலின் மையத்தை 100 கிலோமீட்டர் தள்ளி வைத்துக் கணக்கைத் தொடங்கினால் விடையும் தள்ளித்தான் போகும். அதனால்தான் காலைப் படத்துக்கு அவ்வளவு மரியாதை.

எல்லா மிச்சமும் எழுந்துவிடாது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் நம்மைப் புரட்டிப் போட்ட கஜா, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி கேரளா வழியாக அரபிக்கடலில் இறங்கியது. லட்சத்தீவுப் பக்கம் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக ஒருமுறை தலைதூக்கிப் பார்த்தது. மறுபடி புயலாக முடியவில்லை. 2024-இல் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் அரபிக்கடலுக்குப் போயும் எழவில்லை. ஆனால் போகிற வழியில், வலுவிழந்த பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிவிட்டுத்தான் போனது. கடலிலிருந்து எவ்வளவு தூரம் ஊத்தங்கரை! அங்கே யார் புயலை எதிர்பார்த்தார்கள்?

பெயர் விஷயத்துக்கு வருகிறேன், நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2017-இல் ஹார்வி கரீபியன் கடலில் அடையாளமே இல்லாமல் சிதைந்து, மெக்சிகோ வளைகுடாப் பக்கம் மறுபடி உருவாகி, டெக்சாஸைத் தாக்கியபோது அதே பெயரோடு தாக்கியது. அமெரிக்கர்களின் வழக்கம் அது. இங்கே குலாப் தாழ்வுப் பகுதியாக இறங்கிவிட்டதால் அந்தப் பெயர் முடிந்தது. பாகிஸ்தான் கொடுத்த பெயர் போய் கத்தார் கொடுத்த பெயர் வந்தது. நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. என் சொந்த அபிப்பிராயம், பழைய பெயரையே வைத்திருந்தால் ஜனங்கள் கவனத்தை விட்டிருக்க மாட்டார்கள். ஏன் சொல்கிறேன் என்றால், தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுக்காரர் ஒருவர் ஒரு கார்த்திகையில் எனக்குப் போன் செய்தார். அவர்கள் குஜராத் கடல், ஓமான் கடல்வரை போய் வருகிறவர்கள். “சார், புயலுக்குப் பேரே போயாச்சுல்லா, இனி போட்டு இறக்கலாமா?” என்றார். பேரு போச்சு அண்ணாச்சி, சுத்து இன்னும் போகல, ரெண்டு நாள் பொறுங்க என்றேன். பொறுத்தார். அந்த மிச்சம் புயலாகவில்லை என்பது வேறு விஷயம். இரண்டு நாள் டீசல் மிச்சம் என்று பிறகு சொன்னார்.

அறிவிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார். மேகப் படத்தை வைத்துப் புயலின் வலுவைக் கணிக்கிற ட்வோராக் முறையைப் பற்றிச் சொல்ல ஆசைப்பட்டேன், இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை வருகிறது. ‘வலுவிழந்தது’ என்று கேட்டதும் ரேடியோவை அணைத்துவிடாமல் அடுத்த வரியையும் கேளுங்கள்: எங்கே போகிறது, எந்தக் கடலில் இறங்குகிறது, சுழற்சி இருக்கிறதா என்று அதில் சொல்வார்கள். கடலுக்குப் போகிறவர்கள் மீனவர் எச்சரிக்கை முடியும்வரை கேட்பார்கள், துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டை இறக்கும்வரை பொறுப்பார்கள் என்று நம்புகிறேன்.