லாரி உரிமையாளரும் ஓட்டுநரின் உறக்கமும்

 

சரக்குப் போக்குவரத்து ஹலாலான தொழில். ஒரே லாரியைத் தாமே ஓட்டத் தொடங்கிப் பிறகு பல லாரிகளுக்கு உரிமையாளர்களானோர் நம் ஜமாஅத்திலும் உள்ளனர். அவர்களிடம் வட்டியையும் மாமூலையும் பற்றிப் பலமுறை பேசியாயிற்று. இன்று அவர்களுடைய கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது.

வாடகை, டீசல், சுங்கம், படி, தரகர் கமிஷன், டயர் தேய்மானம், மாதத் தவணை அனைத்தும் அதில் இருக்கின்றன. ஓட்டுநரின் உறக்கம் மட்டும் இல்லை.

நாமக்கல்லிலிருந்து டெல்லி ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய லாரி மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் சென்றால் 60 மணி நேர ஓட்டம். நான்கு நாட்களில் சரக்கை இறக்குவதாக உரிமையாளர் வாக்களிக்கிறார். அனுப்புவதோ ஒரே ஓட்டுநரை. அப்படியானால் அம்மனிதர் நாள்தோறும் 15 மணி நேரம் ஓட்டியாக வேண்டும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 8 மணி நேரத்தையே வரம்பாக வைத்தது. நெடுந்தொலைவுப் பயணத்திற்கும் 10 மணிக்கு மேல் இடமளிக்கவில்லை. அச்சட்டத்தின் இடத்தில் 2025இல் நடைமுறைக்கு வந்த தொகுப்பிலும் 8 மணி நேரமே அளவு. ஆக, விபத்துக்கான வித்து சாலையில் அன்று, வாக்களித்த மேசையிலேயே விதைக்கப்பட்டுவிடுகிறது. வாக்கை நிறைவேற்றுவது கடமைதான். ஆனால் பிறருடைய கண்களை ஈடாக வைத்து வாக்களிக்கும் உரிமை நமக்கு யார் தந்தது?

பணியாளர் மீது சக்திக்கு மீறிய சுமையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களே உதவுங்கள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. லாரித் தொழிலில் அந்த உதவிக்கு இரண்டாவது ஓட்டுநர் என்று பெயர். அவருக்கான சம்பளத்தை வாடகை பேசும்போதே சேர்த்துப் பேசுங்கள். கட்டுப்படியாகவில்லையெனில் நாட்களைக் கூட்டிக் கேளுங்கள். பட்டினி போட்டு ஓயாது வேலை வாங்கிய உரிமையாளரைப் பற்றி ஓர் ஒட்டகம் கண்ணீருடன் முறையிட்டபோது, நபியவர்கள் அந்த உரிமையாளரை அழைத்துக் கண்டித்தார்கள். ஒட்டகத்தின் முறையீட்டுக்கே அந்த மதிப்பு இருந்தது. இன்றோ ஜி.பி.எஸ். திரையில் வண்டி நின்றுவிட்டதென்று கண்டதும், உறங்குபவரைக் கைபேசியில் எழுப்பி விரட்டுகிறோம்!

மிகைப்பாரமும் அவ்வாறே. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. அதையும் செலவுக் கணக்கில் எழுதிவிடுவோர் உண்டு. தொப்பூர்க் கணவாய்ச் சரிவில் பிரேக் பிடிக்காமற்போனால் முன்னே செல்லும் காரிலுள்ள குடும்பத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னொன்று. சிமெண்ட் மூட்டைகள் நனைந்துவிட்டால் இழப்பை ஓட்டுநரின் படியில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. பிடிப்பதற்கு முன், தார்ப்பாய் கிழிந்திருப்பதை அவர் ஏற்கெனவே அலுவலகத்தில் சொல்லியிருந்தாரா என்று உங்கள் மேலாளரைக் கேளுங்கள்.