எந்த யுவ வருஷம்?

(சித்திரை முதல் நாள் கூட்டத்தில் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

காலண்டரைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷ ஆல்பம் வெளியிடுகிற சிவகாசி நம் பக்கத்து ஊர். வீட்டில் மாட்டியிருக்கும் 2026 தினசரி காலண்டரில் நேற்றைய தாள் விசுவாவசு, இன்றைய தாள் பராபவ. எண் அப்படியே இருக்க, பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

பிரபவ முதல் அட்சய வரை நமக்கு 60 பெயர்கள். வியாழன் ராசி மண்டலத்தை ஒரு முறை சுற்ற ஏறக்குறைய 12 வருஷம். ஐந்து சுற்றுக்கு 60. இப்போது நடக்கும் சுற்று 1987 ஏப்ரலில் தொடங்கியது. 2047-ல் மறுபடியும் பிரபவ வரும்.

சீனர்களுக்கும் 60 தான், கட்டிய விதம்தான் வேறு. பத்துப் பெயர் ஒரு வரிசை, பன்னிரண்டு பெயர் இன்னொரு வரிசை. வருஷம் பிறந்தால் இரண்டும் ஒரு படி நகரும். முதலில் சேர்ந்த ஜோடி மறுபடி சேர 60 வருஷம் ஆகும். எலி, மாடு, புலி என்று கேள்விப்படுகிறோமே, அவை அந்தப் பன்னிரண்டுக்கு உரிய மிருகங்கள். இந்த வருஷம் குதிரை.

மக்கள் நினைவில் நிற்பது இந்தப் பெயர்தான். 1876-ல் தொடங்கிய பெரும் பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். சீனாவில் 1911-ல் மன்னராட்சியை வீழ்த்திய புரட்சிக்கு, அந்த வருஷத்தின் பெயரால் சின்ஹாய் புரட்சி என்றே பெயர்.

ஒருவரின் ஆயுளுக்கு இந்தக் கணக்கு போதும். பிறந்த வருஷப் பெயர் திரும்பி வரும்போது அறுபதாம் கல்யாணம் செய்கிறோம். தலைமுறை தாண்டும்போதுதான் சிக்கல். தாது 1936-லும் வந்தது, 1996-லும் வந்தது.

சீனர்கள் இதற்காகப் பேரரசரின் ஆட்சியாண்டையும் சேர்த்து எழுதினார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. காங்சி பேரரசரின் ஆட்சியாண்டு 61 வரை போனது. அதனால் 1662, 1722 இரண்டுக்கும் பேரரசரும் ஒருவர், வருஷப் பெயரும் ஒன்று. எத்தனையாவது ஆட்சியாண்டு என்ற எண் இருந்தால்தான் பிரித்தறிய முடியும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பழைய டிரங்குப் பெட்டியில் ஓர் ஓலையோ பத்திரமோ இருக்கிறது. “யுவ வருஷம் ஆவணி மாசம்” என்று மட்டும் எழுதியிருக்கிறது. அது 1875-ஆ, 1935-ஆ? எழுதிக்கொடுத்தவர் தாத்தாவா, அவருடைய தாத்தாவா? பூர்வீகச் சொத்தைப் பங்கு பிரிக்கும்போது இது சின்னக் கேள்வி இல்லை.

கண்டுபிடிக்க வழி உண்டு. முத்திரைத்தாளில் விக்டோரியா மகாராணி படம் இருந்தால் 1875. ஐந்தாம் ஜார்ஜ் படம் இருந்தால் 1935. தெற்கே பல ஆவணங்களில் கொல்லம் ஆண்டும் இருக்கும். அந்த ஆவணிக்குக் கொல்லம் 1111 என்றிருந்தால், 824-ஐக் கூட்டுங்கள், 1935. சக ஆண்டு இருந்தால் 78-ஐக் கூட்ட வேண்டும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். தமிழ் வருஷம் ஏப்ரல் முதல் ஏப்ரல் வரை. யுவ வருஷம் தை மாசம் பிறந்தவர் 1935-ல் பிறந்தவர் அல்ல, 1936. பாட்டியின் வயதை எழுதும்போது ஒரு வருஷம் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

எந்த அடையாளமும் இல்லாத தாளுக்கு ஒரே சாட்சி, வீட்டுப் பெரியவர்களின் நினைவு. “இது எங்க சித்தப்பா கல்யாணத்துக்கு முந்தி எழுதினது” என்று அவர்கள்தான் சொல்ல முடியும். நம் குடியிருப்பிலேயே எண்பது தாண்டியவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து, பெரியவர்களோடு உட்காருங்கள். ஜாதகம், பத்திரம், குடும்ப நோட்டு ஒவ்வொன்றுக்கும் உரிய நாலு இலக்க வருஷத்தைத் தனித்தாளில் எழுதி, அதனுடன் வையுங்கள். மூலப் பத்திரத்தின் மேல் மட்டும் எதுவும் எழுதிவிடாதீர்கள்.