பேசியவர் யார், பேச்சில் என்ன?

2004-ஆம் வருஷம். அமெரிக்காவில் தேர்தல் நேரம். அதிபர் புஷ் இளவயதில் படைப்பணியைச் சரியாகச் செய்யவில்லை என்று சி.பி.எஸ். தொலைக்காட்சி சொன்னது. ஆதாரமாகப் பழைய தட்டச்சுத் தாள்களையும் காட்டியது.

சில மணி நேரம்தான். வலைப்பதிவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "அந்தக் காலத் தட்டச்சில் பெரும்பாலும் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். இதில் 'ஐ' ஒல்லியாக இருக்கிறது, 'எம்' குண்டாக இருக்கிறது. இது கணினியில் அடித்தது மாதிரி இருக்கிறதே!"

சொன்னவர்களில் பலர் புஷ் ஆதரவாளர்கள். சார்பு இருந்தது, மறுக்கவே முடியாது. ஆனால் சொன்னதை எவரும் சரிபார்க்கலாம். பக்கத்துக் கடைப் பாலில் தண்ணீர் என்று போட்டிக் கடைக்காரர் சொல்கிறார். பொறாமையாக இருக்கலாம். பாலைச் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா? ஆளைப் பார்ப்பது வேறு, ஆதாரத்தைப் பார்ப்பது வேறு.

முதலில் விடாப்பிடியாக நின்றது சி.பி.எஸ். இரண்டு வாரத்துக்குள் இறங்கி வந்தது. தாள்கள் அசல்தான் என்று நிரூபிக்க முடியவில்லை என்றது. செய்தி வழங்கிய டான் ராதர், பெரிய பெயர், அடுத்த மார்ச்சில் மாலைச் செய்தி நாற்காலியை விட்டார்.

இன்னொன்று. அந்தத் தாள்கள் போலி என்று சி.பி.எஸ். அமைத்த விசாரணைக் குழுவும் அறுதியிட்டுச் சொல்லவில்லை.