ஓடுகிற வரையில் ஓடட்டுமா?



பல ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பேசிப் பழகியவன் நான். இன்று ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசுகிறேன். உங்கள் முகங்களைக் காண முடியவில்லை என்பது ஒன்றே குறை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மோட்டார் வண்டியின் இயந்திரத்துக்குள் மறைந்திருக்கும் ஒரு சங்கிலி. பட்டறைகளில் அதை ‘டைமிங் செயின்’ என்பார்கள். தேய்ந்துபோன அந்தச் சங்கிலியை எப்போது மாற்றுவது? ஒரு தலைமையாசிரியருக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். காரணம் உண்டு, அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இயந்திரத்தின் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் இயங்குகிறது. அதற்கு இசைய, காற்றை உள்ளே விடுவதற்கும் புகையை வெளியேற்றுவதற்கும் வால்வுகள் உரிய கணத்தில் திறந்து மூட வேண்டும். பிஸ்டன்களால் சுழலும் தண்டு கிராங்க் ஷாஃப்ட். வால்வுகளைத் திறக்கும் தண்டு கேம் ஷாஃப்ட். நான்கு வீச்சு இயந்திரத்தில் முன்னது 2 சுற்றுச் சுற்றினால் பின்னது 1 சுற்றே சுற்ற வேண்டும். இந்தக் கணக்குத் தவறாமல் இரண்டையும் பிணைத்து வைப்பதே அந்தச் சங்கிலியின் வேலை. சில வண்டிகளில் சங்கிலிக்குப் பதிலாக ரப்பர்ப் பட்டை இருக்கும்.

சங்கிலி நாளடைவில் நீண்டுவிட்டது என்று சொல்கிறோம். உண்மையில் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியின் மூட்டிலும் உள்ள ஆணியும் அதனைச் சூழ்ந்த குழலும் உராய்ந்து தேய்கின்றன. ஒரு மூட்டில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 100 மூட்டுகள் இருந்தால், சங்கிலி 1 மில்லிமீட்டர் நீண்டுவிடும்! அதனால் கேம் ஷாஃப்ட் சற்றுப் பின்தங்கும். வால்வுகள் காலந்தாழ்ந்து திறக்கும். வண்டியின் வலிமை குறையும். சங்கிலி மேலும் தளர்ந்து பல் தாவினாலோ அறுந்தாலோ, பல இயந்திரங்களில் திறந்து நிற்கும் வால்வின்மீது பிஸ்டன் மோதும். பிறகு மாற்ற வேண்டியது சங்கிலி மட்டுமன்று.

ரப்பர்ப் பட்டையை இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுக என்று கையேட்டில் எழுதியிருப்பார்கள். சங்கிலிக்குப் பெரும்பாலும் அப்படிக் கெடு இல்லை. எனவே நாமே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. காலையில் வண்டியை முதன்முதலில் கிளப்பும்போது சில நொடிகள் கலகலவென்று ஓசை எழுகிறதா? எண்ணெயின் அழுத்தம் ஏறியதும் அது அடங்குகிறதா? அஃது ஓர் அறிகுறி. ஆனால் ஓசை ஒன்றையே சான்றாகக் கொள்ளலாகாது. எண்ணெய் குறைந்திருந்தாலும், சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பழுதுபட்டாலும் அதே ஓசை வரும். ஆகவே முதலில் எண்ணெயைப் பார்க்க வேண்டும். பின்னர் டென்ஷனர் எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்று அளக்க வேண்டும். அது தன் எல்லையை எட்டியிருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. உரிய காலத்தில் எண்ணெய் மாற்றப்பட்டதா என்னும் வரலாறும் ஒரு சான்று. மாற்றும்போது தேய்ந்த பல்சக்கரங்களையும் மாற்றுவதே முறை. பழைய பல் புதுச் சங்கிலியை விரைவில் தின்றுவிடும்.

இவ்வளவும் நான் அறிவேன். அறிந்தும் தவறினேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, என் பழைய வண்டி காலைதோறும் கலகலத்தது. பட்டறைக்காரர் அளந்து பார்த்து, “ஐயா, இனித் தாங்காது, மாற்றிவிடுங்கள்” என்றார். “ஓடுகிறதே, ஓடுகிற வரையில் ஓடட்டும்” என்றேன். சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில், என் மாணவன் ஒருவன் தஞ்சாவூரில் நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. “பேருந்தில் போய்விடுகிறேன், ஐயா” என்றான். நான்தான் வற்புறுத்தி வண்டியில் ஏற்றிக்கொண்டேன். திருமானூரைக் கடந்து கொள்ளிடப் பாலத்தின் நடுவே வந்தபோது இயந்திரம் ஓர் ஒலியோடு நின்றது. அந்த வழியே வந்த ஒரு லாரியில் அவனை ஏற்றி அனுப்பினேன். அவன் போய்ச் சேர்ந்தபோது வாயிற்கதவு மூடியிருந்தது. அடுத்த ஆண்டுதான் அவன் தேர்வெழுத முடிந்தது. அவன் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும்.

அன்று பாலத்தின்மேல் நின்று கொள்ளிடத்தைப் பார்த்தபோது என் மனத்தில் வேறிரண்டு நிகழ்ச்சிகள் தோன்றின. இதே ஆற்றில், மேற்கே திருச்சிராப்பள்ளியில் 1928ஆம் ஆண்டின் பழைய பாலம் ஒன்று இருந்தது. 2016இல் அருகிலேயே புதுப்பாலம் திறந்து, போக்குவரத்தை அதற்கு மாற்றினார்கள். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பழைய பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. அதன்மேல் வண்டி ஒன்றும் இல்லை, எவருக்கும் தீங்கில்லை. அதே மாதம் 22ஆம் நாள், முக்கொம்பில் 1836இல் கட்டிய மேலணையின் 9 மதகுகள் உடைந்தன. அந்த அணையோ அன்றும் வேலை செய்துகொண்டிருந்தது. ஆற்று நீர் அடக்குவாரின்றி ஓடியது. இரவும் பகலும் உழைத்துத் தற்காலிகமாக அடைத்தார்கள். பின்னர்ப் புதிய கதவணை கட்டினார்கள். பழையது ஒருநாள் விழத்தான் செய்யும். அது விழும்போது நாம் அதை நம்பி நிற்கிறோமா, இல்லையா என்பதே கேள்வி.

இதனால், பழையதையெல்லாம் இன்றே எறிந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அளந்து பாருங்கள் என்கிறேன். உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் மிதிவண்டிச் சங்கிலியில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே அரை அங்குலம். புதுச் சங்கிலியில் 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். சங்கிலியை இறுக்கி நிறுத்தி, அடிக்கோலை வைத்து அளந்து பாருங்கள். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் மிகுந்திருந்தால் சங்கிலியை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு மிகுந்திருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். காலம் கடந்துவிட்டது என்று அறியுங்கள்.

அளந்தபின் வந்த விடையை மதித்து நடவுங்கள். நான் அளந்தும் மதிக்கவில்லை. அதற்கான விலையை வேறொருவன் கொடுத்தான்.