இரண்டு டாலர் சட்டை

உடை பற்றி ஆய்வு செய்கிறேன் என்றால், "அதில் என்ன அரசியல் இருக்கிறது?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்று ஒரே ஒரு சட்டையைப் பற்றிப் பேசுகிறேன். கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழையும் குளிரும் அதிகம். அங்கே மரம் வெட்டும் தொழிலாளிகள் உடுத்திய சட்டை அது. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் பிறந்த அபர்தீன் மரத்தொழிலை நம்பியிருந்த ஊர். அவர் வளர்ந்த காலத்தில் அந்தத் தொழில் நொடித்துக்கொண்டிருந்தது. அந்த ஊரிலிருந்தும் சியாட்டிலிலிருந்தும் வந்த இசைக்குழுப் பிள்ளைகள் பழைய துணிக்கடையில் மலிவாகக் கிடைத்ததை வாங்கி, குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார்கள். இதற்குத்தான் பிறகு 'கிரஞ்ச்' என்று பெயர் வந்தது.

1991இல் 'நெவர்மைண்ட்' இசைத்தொகுப்பு வந்து உலகமே இவர்களைத் திரும்பிப் பார்த்தது. 1992 நவம்பரில் நியூயார்க்கில், பெரி எல்லிஸ் நிறுவனத்துக்காக 29 வயது மார்க் ஜேக்கப்ஸ் ஒரு கிரஞ்ச் தொகுப்பை மேடையேற்றினார். செயின்ட் மார்க்ஸ் பிளேஸில் 2 டாலருக்கு வாங்கிய ஃபிளானல் சட்டையை இத்தாலிக்கு அனுப்பி, அதே கட்டங்களைப் பட்டில் செய்து வாங்கினார். நவோமி கேம்ப்பெல்லும் கேட் மாஸும் அந்த உடைகளில் நடந்தார்கள். விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள். நிறுவனம் அவரை வேலையை விட்டு அனுப்பியது.

ஃபேஷன் வரலாறு இதை ஒரு கலகக்காரனின் தியாகக் கதையாகச் சொல்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏழையின் உடை மேடையேறியதே என்று ஒரு தரப்புக்கு எரிச்சல். அதைப் பட்டாக்கிவிட்டோம் என்று இன்னொரு தரப்புக்குப் பெருமை. மரம் வெட்டியவர் இரண்டு பேச்சிலும் இல்லை. கிழிந்த சட்டையோடு அவர் வேறு வேலை கேட்டுப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பட்டில் வாங்கியவருக்கு அந்தக் கவலை கிடையாது, மாலையில் கழற்றி வைத்துவிடலாம். அண்ணல் அம்பேத்கரின் கோட்டையும் டையையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் அம்மாக்கள் தேய்த்து மடித்த சட்டையைப் போட்டுத்தான் நம்மைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

அதே நவம்பரில் ஒரு வேடிக்கையும் நடந்தது. சியாட்டில் இளைஞர்களின் வட்டாரச் சொற்கள் என்னவென்று நியூயார்க் டைம்ஸ் கேட்க, முன்பு சப் பாப் இசை நிறுவனத்தில் வேலை பார்த்த மேகன் ஜாஸ்பர் வாய்க்கு வந்ததையெல்லாம் இட்டுக்கட்டிச் சொன்னார். நாளிதழ் அகராதியாகவே அச்சிட்டது! களப்பணிக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்தப் பெண்மணியை நினைத்துக்கொள்கிறேன்.

ஜேக்கப்ஸ் தன் உடைகளைக் கோபேனுக்கும் அவர் மனைவி கோர்ட்னி லவ்வுக்கும் அனுப்பினார். அவற்றை எரித்துவிட்டதாகக் கோர்ட்னி 2010இல் சொன்னார். எரித்தது சரிதான் என்பேன்.

ஆனால் சந்தை பொறுமையானது. 2022இல் பாலென்சியாகா, வேண்டுமென்றே கந்தலாக்கிய ஷூவில் 100 ஜோடி செய்து, ஜோடி 1,850 டாலர் என்று விலை வைத்தது. அதற்கு முன்பே, 2018இல், ஜேக்கப்ஸ் தன் பழைய கிரஞ்ச் தொகுப்பைப் புதுப்பித்து விற்றார். அதில் வந்த ஒரு சிரிக்கும் முகம் தங்கள் சின்னத்தின் நகல் என்று நிர்வாணாவின் நிறுவனம் வழக்குப் போட்டது. சின்னத்துக்கு உரிமை கேட்க ஒரு நிறுவனம் இருந்தது. ஃபிளானல் சட்டைக்காக வழக்குப் போட யார் இருக்கிறார்கள்? உங்கள் கேள்விகளையும் கேட்கிறேன், தோழர்களே.