இரசிகனின் நினைவு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



விளையாட்டையும் சினிமாவையும் பற்றி இந்த மேடையிற் பேசுவது பொருந்துமோ என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். கோயில் திருவிழாக்களிலே விடியும்வரை கண்விழித்து மேளக் கச்சேரி கேட்டவர்கள் அவர்கள். இன்ன வித்துவான் இன்ன இராகத்தை எவ்வளவு நேரம் வாசித்தார் என்று இன்றும் அவர்களாற் சொல்ல முடியும். அவர்களை நாம் இரசிகர் என்று மரியாதையோடு அழைக்கின்றோம். திரையையும் மைதானத்தையும் கண்டு களிக்கும் நாமும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே.

இரசிகனுடைய சொத்து யாது? அவன் நடிப்பவனல்லன்; பந்தடிப்பவனுமல்லன். நினைவு ஒன்றே அவன் சொத்து. நமது ஊர் இளைஞன் ஒருவனை மறித்துக் கேளுங்கள். 1983ஆம் ஆண்டு யூன் 25ஆம் திகதி, லோர்ட்ஸ் மைதானத்தில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியிலே இந்தியா 183 ஓட்டங்கள், மேற்கிந்தியர் 140 ஓட்டங்கள், அன்று ஆகக் கூடுதலாக 38 ஓட்டங்கள் எடுத்தவர் தமிழ்நாட்டு ஸ்ரீகாந்த் என்று மூச்சு விடாமற் சொல்வான். அவன் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஆட்டம் அது!

இந்த நினைவை அற்பமென்று தள்ளிவிடுதல் ஆகாது. அதே போட்டித் தொடரில், யூன் 18ஆம் திகதி, சிம்பாப்வே அணிக்கு எதிராக இந்தியா 17 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெற்றுகளை இழந்து நின்றது. அந்நிலையிலிருந்து கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 ஓட்டங்கள் குவித்து அணியைக் கரையேற்றினார். அந்த ஆட்டத்தை எந்தக் கமெராவும் படம்பிடிக்கவில்லை. ஓட்டக் குறிப்பேடும், பத்திரிகைச் செய்தியும், நேரிற் கண்டவர் சொன்ன வார்த்தையுமே அதை வாழவைத்தன. 2021இல் வெளிவந்த ‘83’ என்னும் திரைப்படம் அவற்றைக்கொண்டே அந்த ஆட்டத்தை மீண்டும் நமது கண்முன் நிறுத்தியது. சினிமாவுக்கு முன்னே இரசிகனின் நினைவு இருந்தது என்பதை நாம் இங்கே கவனித்தல் வேண்டும்.

இனி, 1958ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அவ்வாண்டு டோக்கியோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. இந்தியாவின் மில்கா சிங் 200 மீற்றர், 400 மீற்றர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கப் பதக்கம் வென்றார். அவர் தமது வாழ்க்கைக் கதையை ஒரு ரூபாவுக்குச் சினிமாவுக்குக் கொடுத்தார்; 2013இல் அது ‘பாக் மில்கா பாக்’ என்ற படமாயிற்று. இந்தி தெரியாத நமது இளைஞரும் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்கள்.

அதே ஆண்டு, அதே டோக்கியோவில், உயரம் பாய்தலில் தங்கம் வென்றவர் யார்? 2.03 மீற்றர் பாய்ந்து, இலங்கைக்கு ஆசியப் போட்டிகளில் முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுக்கொடுத்தவர் நமது பெரியவிளானைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேணிலும் ஒலிம்பிக் களம் கண்டவர். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் வென்றவர். மில்கா சிங்கின் ஓட்டத்தை நொடிக் கணக்கிற் சொல்லும் இளைஞர் கூட்டத்தில் இந்தப் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

இளைஞரைக் குறை சொல்வது எளிது. ஆனால், அறிவதற்கு வழி இருந்ததா என்றும் கேட்கவேண்டும். 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது பழைய நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1995இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுவாசலை விட்டு வெளியேறினார்கள். அவ்வேளையிற் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் எடுப்பார்களா, சுவரில் மாட்டிய விளையாட்டுக் குழுப் படத்தைக் கழற்றுவார்களா? கறையான் தின்றது பாதி, யுத்தம் தின்றது பாதி. எஞ்சியிருக்கும் ஏடு பெரியோர்களின் நெஞ்சம் ஒன்றே. எதிர்வீரசிங்கம் அவர்கள் 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் காலமானார். அவர் பாய்ந்ததைக் கண்ணாற் கண்டவர்களும் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள்.

“சேப்பாக்கம் எங்கே, நமது ஊர் வெளி எங்கே? இவற்றையெல்லாம் எழுதிவைப்பதா?” என்று நண்பர் ஒருவர் வினவலாம். நாம் விரும்பிப் பார்க்கும் தமிழ்ப் படங்களே அதற்கு விடை தருகின்றன. ‘சென்னை 600028’ ஒரு குடியிருப்புப் பையன்களின் பந்தாட்டக் கதை. ‘வெண்ணிலா கபடிக்குழு’ ஒரு கிராமத்துக் கபடிக் கதை. 2024இல் வந்த ‘லப்பர் பந்து’ றப்பர் பந்தில் ஆடும் ஊர்க் குழுக்களின் கதை. அவற்றில் உலகக் கிண்ணம் இல்லை; ஆயினும் நாம் கைதட்டினோம். தமிழ்நாட்டுச் சிற்றூரின் மைதானம் கதையாகத் தகுமாயின், நமது வயல்வெளியும் பனங்காணியும் ஏன் தகா?

ஆதலின் நமது சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். சங்க வாசிகசாலையில் ஒரு தடித்த கொப்பி வைப்போம். ஞாயிறுதோறும் இருவர் இருவராகப் பெரியோர் வீடுகளுக்குச் செல்வோம். 1904இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமர், மிஷன் கல்லூரியிற் படித்த நமக்குப் பழக்கமான கதை. அதை மட்டுமன்றி, கிராமத்து உதைபந்தாட்டக் கழகங்களையும், கிளித்தட்டையும், மாட்டுவண்டிச் சவாரியையும் பற்றிக் கேட்டு எழுதுவோம். பெண்களை விட்டுவிடலாகாது, ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணம் வென்ற அணியிலே நின்ற தர்ஜினி சிவலிங்கம் நமது மண்ணின் மகள். இன்றைய பிள்ளைகளையும் இன்றே எழுதுவோம். மத்திய கல்லூரி மாணவராயிருந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024 மே மாதத்தில் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல். ஆட்டத்திற் பந்துவீசினார்.

ஒரு நிபந்தனை மாத்திரம் உண்டு. சினிமாவிலே கடைசிப் பந்தில் ஆறு ஓட்டம் வந்தே தீரும். நமது கொப்பியில் அப்படி எழுதலாகாது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் விசாரித்து, தோற்ற ஆட்டத்தைத் தோற்றதாகவே எழுதுதல் வேண்டும். தோற்றவர்களும் இந்த ஊரவர்களே.

பெரியோர்களே, உங்கள் வாசலுக்குக் கொப்பியும் பேனாவுமாக நாம் வருவோம். படலையைத் திறந்து, நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்.