பாலையாவின் முகம்



பனியன் தைக்கிற நெருப்பெரிச்சலில் இருந்து வந்திருக்கிறேன். நகைச்சுவை நடிகர் நாகேஷ் பிறந்த தாராபுரமும் இன்று எங்கள் திருப்பூர் மாவட்டம்தான். அந்த நாகேஷுக்குக் ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ செல்லப்பா வேடத்தைக் கொடுத்த இயக்குநர் ஸ்ரீதரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

1933இல் பிறந்த ஸ்ரீதர் செங்கல்பட்டில் படித்தவர். 1959இல் ‘கல்யாணப் பரிசு’, 1962இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று ஊரையே அழவைத்தவர். அதே மனிதர், பள்ளித் தோழர் கோபுவைக் கூட வைத்துக்கொண்டு 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’ எடுத்தார். அன்றைக்குப் பல படங்களில் கதை ஒரு பக்கம் போகும், சிரிப்பு நடிகர்கள் இன்னொரு பக்கம் வந்து போவார்கள். ஸ்ரீதர் அப்படிப் பிரிக்கவில்லை. எஸ்டேட் முதலாளியாக வரும் பாலையா, காதலர்கள், ஒட்டுத்தாடி வைத்து அப்பாவாக நடிக்கும் முத்துராமன், எல்லாரும் சேர்ந்துதான் சிரிக்க வைத்தார்கள். அதுவே கதை. படத்தில் வரும் ஆழியாறு அணையும் பங்களாவும் எங்கள் கொங்கு நாட்டில் இருப்பதில் எனக்குத் தனிப் பெருமை.

நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி உங்களுக்குத் தெரியும். சிறு வயதில் அதை வானொலி ஒலிச்சித்திரமாகத்தான் கேட்டேன். கதவு கிறீச்சிடுவது, காலடிச் சத்தம், எல்லாம் நாகேஷ் வாயாலேயே வரும். முழுக் காட்சியும் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, சம்பளம் வாங்கிய கையோடு டெய்லர்களும் அவர்களுக்கு உதவும் கைமடிப் பையன்களுமாக இரண்டாம் ஆட்டம் போனோம். அப்போதுதான் பாலையாவைப் பார்த்தேன். கண் விரிகிறது, வாய் பிளக்கிறது, உடம்பு பின்வாங்குகிறது. பேசுவது நாகேஷ், கொட்டகை அதிர்ந்தது பாலையாவின் பயத்துக்கு. கதை சொல்பவரைவிடக் கேட்பவர் முகத்தில்தான் சிரிப்பு இருக்கிறது என்று ஸ்ரீதருக்குத் தெரிந்திருந்தது. அழுகைப் படங்களில் முகங்களைப் பொறுமையாகப் பார்த்துப் பழகியவருக்கு அது கைவந்ததில் வியப்பில்லை என்பேன்.

1966இல் இந்தப் படத்தை அவரே இந்தியில் ‘ப்யார் கியே ஜா’ என எடுத்தார். நாகேஷ் வேடத்தில் நடித்த மெஹ்மூதுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. 2008 அக்டோபரில் ஸ்ரீதர் மறைந்தார்.

தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வசனம் முழுதும் புரியாமல் இருக்கலாம். பரவாயில்லை, அந்தப் பேய்க்கதைக் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். நாகேஷ் கதையை ஆரம்பித்ததும், “பாலையாவைப் பாரு” என்று மட்டும் சொல்லுங்கள்.